நாற்காலி தந்ததா, கூடை தந்ததா?

மலையகத்திலே நெடுங்காலமாக ஒரு கதை சொல்லப்பட்டு வருகிறது. மேடைதோறும் சொல்லுகிறார்கள், மே தின ஊர்வலத்திலே சொல்லுகிறார்கள், தேர்தல் நெருங்கிவிட்டாலோ லயத்து வாசற்படிவரை வந்து சொல்லுகிறார்கள். "ஐயா மந்திரிசபையில் இருந்தார், நாடற்றவருக்கு நாடு கிடைத்தது. ஆகவே நாங்களும் மந்திரிசபையில் இருக்க வேண்டும்" என்பதே அக்கதை. முற்பாதி சௌமியமூர்த்தி தொண்டமானைப் பற்றியது. பிற்பாதி அவருக்குப் பின் வந்தவர்களைப் பற்றியது. முற்பாதியைக் காட்டிப் பிற்பாதிக்கு வாக்குக் கேட்கப்படுகிறது. எனவே முற்பாதி மெய்தானா என்று உரசிப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

தொண்டமானைத் தூற்றுவோர் கூட்டத்தில் நாம் சேர மாட்டோம். அவர் வாழ்ந்த வாழ்வு சாமானியமானதன்று. 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் தமிழகத்தின் முனைப்புதூரிலே பிறந்தவர். தந்தை கருப்பையா கூலியாகக் கடல் கடந்து வந்து, கங்காணியாகி, இறம்பொடையிலே வேவண்டன் தோட்டத்தை விலைக்கு வாங்கியவர். சிறுவனாக இலங்கை வந்த மகன் கம்பளையிலே படித்தார். 1939இல் ஜவஹர்லால் நேரு வந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றிய வேளையில் கம்பளைக் கிளையை ஏற்று நடத்தினார். அடுத்த ஆண்டு காங்கிரசின் தொழிற்சங்கம் பிறந்தது. 1945இல் காங்கிரசின் தலைவரானார். தோட்டச் சொந்தக்காரர் ஒருவர் தோட்டத் தொழிலாளரின் தலைவரா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. துரைமாரின் பங்களாவுக்குள் நுழைந்து எதிரே அமர்ந்து பேசுவதற்கு ஒரு தோட்டச் சொந்தக்காரரே வேண்டியிருந்தது என்பது அந்தக் காலத்தின் அவலம். அதற்கு அவரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவிலிருந்து தொண்டமானும், தலவாக்கொல்லையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையிலிருந்து கே. குமாரவேலுவும் பாராளுமன்றம் புகுந்தார்கள். வேறு பல தொகுதிகளிலே இடதுசாரிகளுக்குத் தோட்டத்து வாக்கு கை கொடுத்தது. டி. எஸ். சேனநாயக்கா இதைக் கண்டு கொண்டார். சுதந்திரம் பிறந்து ஓராண்டு நிறையுமுன் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த மண்ணில் பிறந்தேன் என்று சொன்னால் போதாது. தகப்பன் இங்கே பிறந்தான் என்று காட்டு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றது சட்டம். பிறப்பத்தாட்சிப் பத்திரம் என்ற ஒன்றையே காணாத லயத்து மனிதன் எதைக் காட்டுவான்? கோப்பிக் காலத்திலே காடழித்துச் செத்த பாட்டனின் எலும்பையா தோண்டிக் காட்டுவான்?

1949இல் இந்திய பாகிஸ்தானிய வாசிகளுக்கென்று வேறொரு சட்டம் வந்தது. மணமானவருக்கு ஏழாண்டு, மணமாகாதவருக்குப் பத்தாண்டு, இடைவிடாத வாசத்துக்கு அத்தாட்சி வேண்டுமென்றது. அதே ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜையல்லாதவனின் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டப்பட்டது. நமது வாசகர்களில் படித்த உத்தியோகத்தரும் அப்புக்காத்துமார்களும் பலர் உண்டு. அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவோம். 1948இன் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி. ஜி. பொன்னம்பலம் அவ்வாண்டு செப்டம்பரிலே மந்திரியானார். மறு ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்து நின்று 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்ததற்கு இதுவே தலையாய காரணம். மந்திரிப் பதவி தோட்டத் தமிழனுக்கு என்ன செய்யும் என்ற கேள்விக்கு முதல் விடை அன்றே வடக்கிலிருந்து கிடைத்துவிட்டது.

தொண்டமானும் தடுமாறினார். இரண்டாவது சட்டத்தின் கீழ் எவரும் விண்ணப்பிக்க வேண்டாமென்று காங்கிரஸ் முதலிலே பகிஷ்கரித்தது. கால எல்லையான 1951 ஆகஸ்டு நெருங்கிய பின்புதான் விழித்துக் கொண்டு விண்ணப்பங்களை அள்ளிக் குவித்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போயிற்று. பல ஆண்டு விசாரணைக்குப் பின் பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர். ஆறில் ஒருவர். மிச்சப் பேர் நாடற்றவர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. பிரதமர் காரியாலயத்தின் முன்னே நான்கு மாதத்துக்கு மேலாகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அரசாங்கம் அசையவில்லை.

இனி நாற்காலியின் கதைக்கு வருவோம்.

தொண்டமான் முதன்முதலாக ஆளுங்கட்சியின் தயவில் அமர்ந்தது 1960ஆம் ஆண்டில். திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அவரை நியமன உறுப்பினராக்கியது. நான்காண்டு இருந்தார். அந்த நான்காம் ஆண்டின் முடிவிலே என்ன கிடைத்தது? 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கிடைத்தது! 9,75,000 மனிதரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக் கொள்வோமென்று இரண்டு பிரதமர்கள் பங்கு போட்டார்கள். மாட்டுத் தாவணியிலே கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். இங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த மக்களின் தலைவர் சபையிலேயே வீற்றிருந்தார், அவரையும் கேட்கவில்லை. பிறகு பார்க்கலாமென்று விட்ட 1,50,000 பேரையும் 1974இலே இந்திரா காந்தியும் திருமதி பண்டாரநாயக்காவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தெடுத்தார்கள். ஹட்டனிலும் நானுஓயாவிலும் ரயிலேறித் தலைமன்னார் போனவர்களுக்கு மலைநாடு வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'. தாயை இங்கே விட்டு மகன் போனான். அண்ணன் கூடலூரிலே, தம்பி கொட்டகலையிலே என்றாயிற்று.

1965இலிருந்து ஐந்தாண்டு டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்தை ஆதரித்து மறுபடியும் நியமன உறுப்பினர். ஒப்பந்தத்தின் சில கூர்முனைகள் மழுங்கின என்பதை மறுக்க மாட்டோம். ஒப்பந்தம் மட்டும் ஒழியவில்லை.

1970இல் வந்த ஆட்சியிலே அவருக்கு நாற்காலி இல்லை. 1972இல் செல்வநாயகத்தோடும் பொன்னம்பலத்தோடும் தமிழர் கூட்டணியில் சேர்ந்தார். 1976 மே மாதம் வட்டுக்கோட்டையிலே தனி அரசுத் தீர்மானம் நிறைவேறியபோது ஒதுங்கிக் கொண்டார். 'துரோகி' என்று அன்று தொடங்கிய ஏச்சு அவர் கண் மூடும்வரை ஓயவில்லை. ஏசியவர்களை நாம் ஒன்று கேட்போம். வரையப்பட்ட தமிழீழத்தின் எல்லைக்குள் நுவரெலியா இருந்ததா? மஸ்கெலியா இருந்ததா? சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த மலையிலே, கையிலே பிரஜாவுரிமைத் துண்டும் இல்லாத மக்களை வைத்துக் கொண்டு அவர் எந்தக் கொடியை ஏற்றியிருக்க வேண்டும்? 1976இல் அவர் செய்தது சரி. தோட்டத் தமிழனைத் தம் தேர்தல் கணக்கிலே ஒருநாளும் சேர்த்துப் பாராத யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர் சிலர் இதைப் பற்றிப் பேச அருகதையற்றவர்கள்.

அந்த ஏழாண்டிலேதான் தோட்டங்கள் அரசாங்க உடைமையாயின. 1973லும் 1974லும் பஞ்சம் லயங்களைச் சூறையாடியது. 1977 மே மாதத்திலே நுவரெலியா மாவட்டத்துத் தோட்டக் காணியில் ஏழாயிரம் ஏக்கரைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியைத் தொழிலாளர் மறித்தார்கள். டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானான். அந்தக் காணிப் பங்கீடு நின்றது. எந்த மந்திரி நிறுத்தினார்? 1940இல் முல்லோயாத் தோட்டத்துக் கோவிந்தன் எப்படிச் செத்தானோ அப்படியே இவனும் செத்தான், காணி தப்பியது.

1977 ஜூலையிலே நுவரெலியா - மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் மூன்றாம் அங்கத்தவராகத் தொண்டமான் வென்றார். முப்பதாண்டுக்குப் பின் மக்கள் வாக்கால் மீண்டும் சபை புகுந்தார். 1978 செப்டம்பரிலே ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் மந்திரிசபையில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி மந்திரியானார். நாற்காலிப் பட்சத்தார் இங்கேதான் மார் தட்டுகிறார்கள். அவர்கள் தட்டட்டும், கணக்கை நாம் பார்ப்போம்.

அதே மாதம் அமுலுக்கு வந்த புதிய அரசியல் யாப்பு, வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற பேதத்தை நீக்கியது. நல்ல காரியம். ஆனால் அது அவர் அமர்ந்து பெற்றதன்று. அமர்வதற்குமுன் பேசிப் பெற்ற விலை. அமர்ந்த பின்னர் நடந்ததைப் பாருங்கள். 1981இலே தோட்ட லயங்கள் தாக்கப்பட்டன. 1983 ஜூலையிலே எரிந்தன. மந்திரி மந்திரியாகவே இருந்தார். தொழிலாளி அகதியாகி வவுனியாவுக்கு நடந்தான். நாடற்றவன் நாடற்றவனாகவே இருந்தான். முழுதாக ஐந்தாண்டு! நாற்காலிக்கு அந்த வல்லமை உண்டென்றால் அந்த ஐந்தாண்டிலே அது எங்கே போயிற்று?

1984 ஏப்ரலிலே வேறொன்று நடந்தது. தோட்டங்களெல்லாம் நின்றன. ஒன்பது நாள் பிரட்டுக் களத்திலே ஆளில்லை. தோட்டங்களின் சொந்தக்காரன் அரசாங்கம். அவ்வரசாங்கத்தின் மந்திரியே வேலைநிறுத்தத்தின் தலைவர்! உலகத் தொழிற்சங்கச் சரித்திரத்திலே இது போன்றதொன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏன் ஒன்பது நாளிலே அரசாங்கம் இறங்கி வந்தது என்பதை மலைநாட்டுக்கு வெளியே உள்ள வாசகருக்குச் சற்று விளக்குவோம்.

தேயிலைச் செடி துரைக்காகவும் காத்திராது, மந்திரிக்காகவும் காத்திராது. ஏழு நாளுக்கோ பத்து நாளுக்கோ ஒரு தடவை அதே மலையிலே அதே செடியைக் கொய்தாக வேண்டும். தவறினால் இரண்டு இலையும் மொட்டும் நாலு இலையாகி, நார் பாய்ந்து முற்றிவிடும். பிறகு அது தேநீருக்கு ஆகாது, கவ்வாத்துக் கத்திக்கே இரை. நுவரெலியாவின் மரக்கறிக் கமக்காரருக்கு இது சொல்லாமலே விளங்கும். பிடுங்கிய லீக்சை மூன்று நாள் லொறியேற்றாவிட்டால் என்ன ஆகுமென்று அவர் அறிவார். ஏப்ரல் மாதமோ மழை விழுந்து கொழுந்து பொங்கும் மாதம். அத்தோடு 1984ஆம் ஆண்டின் தொடக்கத்திலே உலகச் சந்தையில் தேயிலை விலை அதுவரை காணாத உச்சத்திலே நின்றது. வாட்டும் தட்டுகள் வெறுமையாய்க் கிடந்த ஒவ்வொரு நாளும் திறைசேரிக்கு இழப்பு. அதனால்தான் இறங்கி வந்தார்கள். சம்பளம் உயர்ந்தது. அதைவிடப் பெரிது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்றாயிற்று. அதுகாறும் கொழுந்துக் கூடையைத் தலையிலே கட்டிச் சரிவேறிய பெண்ணுக்கு, அடிவாரத்தில் மண்வெட்டி பிடித்த ஆணைவிடக் குறைந்த கூலிதான் எழுதப்பட்டு வந்தது.

1986 ஜனவரி தைப்பொங்கலோடு தொடங்கியது பிரார்த்தனை இயக்கம். காலைப் பொழுதிலே மலைக்குப் போகாமல் கோவிலடியிலே அமர்ந்து வழிபட்டார்கள். வழிபாட்டைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. கொழுந்தோ கொய்வாரின்றி நின்றது. அந்த யுக்திக்காகத் தொண்டமானுக்கு நாம் தலை வணங்குகிறோம். அவருக்கு நிகரான யுக்திக்காரர் மலையகத்திலே முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 94,000 பேருக்குப் பிரஜாவுரிமைக் கதவைத் திறந்தது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் இன்னும் அகலத் திறந்தது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது அவர் உயிரோடில்லை.

ஜயவர்த்தனாவின் மனம் வேறு காரணங்களாலும் கனிந்தது. 1985இல் திம்புவிலே தமிழ் இயக்கங்களும் கட்சிகளும் வைத்த நான்கு கோட்பாடுகளில் நான்காவது, இத்தீவைத் தாயகமாகக் கொண்ட தமிழரனைவருக்கும் பிரஜாவுரிமை என்பது. டில்லியின் கை அழுத்திக் கொண்டிருந்தது. 1988 டிசம்பரிலே ஜனாதிபதித் தேர்தல். ஐக்கிய தேசியக் கட்சிக்கு மலைநாட்டு வாக்கு தேவைப்பட்டது. இவற்றையெல்லாம் ஒரு தட்டிலே போடுங்கள். மறு தட்டிலே ஏப்ரல் வேலைநிறுத்தத்தையும் தை மாதப் பிரார்த்தனையையும் போடுங்கள். மந்திரி நாற்காலியை எந்தத் தட்டிலே போடுவீர்கள்? அது தராசைத் தாங்கிப் பிடித்த கை, அவ்வளவே. எடையாக விழுந்தது கொழுந்து கொய்பவளின் நிறுத்திய கை.

தொண்டமானுக்கு இது தெரியும். தெரிந்தபடியால்தான் மந்திரியாக இருந்து கொண்டே வேலைநிறுத்தம் செய்தார். அவரது நாற்காலி கூடையின் மீது வைக்கப்பட்ட நாற்காலி. பிற்காலத்திலே அவரே அதை மறக்கத் தொடங்கினாரோ என்ற ஐயம் நமக்கு உண்டு. அவர் மந்திரிசபையில் இருந்தபோதுதான் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் வந்தது. தோட்டப் பாதைக்கும் தோட்ட லயத்துக்கும் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக நின்ற அதன் 33ஆம் பிரிவு 2018இலேதான் திருத்தப்பட்டது. வாக்குப் போட உரிமை உண்டு, வாக்குப் போட்ட சபையிடம் ஒரு மதகு கட்டித் தாவென்று கேட்க உரிமை இல்லை! 1992இலே அரசாங்கத் தோட்டங்களின் நிர்வாகம் 22 கம்பனிகளிடம் போனபோதும் அவர் மந்திரி. பிறகு 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. கம்பனிக்குக் காணி எழுதிய நாளிலே, காணியைக் காடழித்து உண்டாக்கியவனின் பேரனுக்கு லயத்து வாசலிலே பத்துப் பேர்ச்சஸ் எழுதக் கூடவா மை இல்லாமற் போயிற்று?

1999ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் அவர் மறைந்தார். ஒப்பந்தம் எழுதிச் சரியாக முப்பத்தைந்து ஆண்டு, அதே நாள்.

அவருக்குப் பின் பேரன் ஆறுமுகம் வந்தார். 2020 மே மாதம் அவர் மறைந்ததும் அவர் மகன் ஜீவன் வந்தார். பிறப்பினால் ஒருவர் தலைவராகக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. பேரர்கள் சுவீகரித்தது எதை என்பதே நம் கேள்வி. கூடையையா, நாற்காலியையா?

சம்பளக் கணக்கு விடை சொல்லும். முதலாளிமார் சம்மேளனத்தோடு கூட்டு ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டிலே கைச்சாத்திட்டு வந்த சங்கங்கள் மூன்று. முதலாவது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். ஒப்பந்தம் எழுதி முடிந்தால் அதன் காலம் தீரும்வரை சம்பளத்துக்காகக் கை நிறுத்தக் கூடாதென்று இருந்தது. இப்படியாகக் கொழுந்து பொங்கும் ஏப்ரல் மாதம் பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்பட்டது. 2015இல் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்று முழங்கினார்கள். 2016 அக்டோபரிலே எல்லாம் சேர்த்து 730 ரூபாவுக்குக் கையெழுத்திட்டார்கள். 2018 டிசம்பரிலே ஆயிரம் ரூபாவுக்காக வேலைநிறுத்தம் தொடங்கியது, தோட்டங்கள் நின்றன, சில நாளிலே, பேச்சுவார்த்தை நடக்கிறது, வேலைக்குப் போங்கள் என்று சொல்லி நிறுத்தினார்கள். 2019 ஜனவரியிலே எழுதப்பட்ட அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. நாலு நாள் மந்திரியோடு பேசுவதற்காக நாற்பது நாள் கொழுந்தின் பலத்தைக் கைவிட்டார்கள். ஆயிரம் ரூபா கடைசியாக 2021 மார்ச்சிலே சம்பளச் சபையின் வர்த்தமானி அறிவித்தலால் வந்தது. அதற்கும் கம்பனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தத்தையும் உதறின. முழங்கியதற்கும் கைக்கு வந்ததற்கும் இடையிலே ஆறாண்டு. மறு ஆண்டு நாடு வங்குரோத்தாகி அரிசி விலையும் மாவு விலையும் மலையேறியபோது அந்த ஆயிரம் ஐந்நூறுக்குச் சமானமாயிற்று. 1,350 ரூபா என்பது 2024இல் வந்தது. அதுவும் அரைப்பேர் போடாமல், குறித்த கிலோ நிறை காட்டினால்.

இந்த ஆண்டுகள் பலவற்றிலே காங்கிரசுக்கு மந்திரிசபையிலே நாற்காலி இருந்தது என்பதை வாசகர் மறக்க வேண்டாம்.

கங்காணி முறை சட்டத்தால் ஒழிந்து நெடுங்காலமாயிற்று. ஆள் ஒன்றுக்கு இவ்வளவென்று தலைக்காசு வாங்கிக் கொண்டு, தன் கீழுள்ள கூட்டத்தைத் துரையிடம் கொண்டுபோய் நிறுத்துவது கங்காணியின் தொழில். பிற்காலத்திலே சம்பளத்திலிருந்து ஆள் ஒன்றுக்கு இவ்வளவென்று சந்தா வெட்டப்பட்டு வந்தது. வெட்டித் தந்தது தோட்ட நிர்வாகம். தேர்தலிலே அக்கூட்டம் கொழும்பிலே யாரிடமோ கொண்டுபோய் நிறுத்தப்படுகிறது. இரண்டுக்கும் வேற்றுமை என்னவென்று சங்கத்துத் தலைவர்கள்தாம் சொல்ல வேண்டும். பெரியவர் தொண்டமானாவது கங்காணியின் மகனாய்ப் பிறந்து தொழிற்சங்கத் தலைவரானார். அதே பாதையிலே திரும்பி நடக்க வேண்டுமென்று அவர் யாருக்கும் எழுதி வைக்கவில்லை.

2023இலே மலையகத்தார் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். முன்னோர் வந்து இருநூறாண்டு ஆனதை நினைந்து, அவர்கள் செத்து விழுந்த வழியிலேயே நடந்தார்கள். அவர்கள் கேட்டவற்றுள் காணியும் வீடும் முன்னே நின்றன. கம்பனிகளின் குத்தகை 2045இலே தீருகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டுமென்று அதற்கு வெகுமுன்னரே கம்பனிகள் வந்து நிற்கும். அன்று மேசையின் ஒரு பக்கத்திலே கம்பனி, மறு பக்கத்திலே அரசாங்கம். தொழிலாளியின் பங்கை யார் எழுதுவார், எத்தனை பேர்ச்சஸ் எழுதுவார், உறுதி யார் பெயரிலே இருக்கும்? சந்தா வாங்கும் ஒவ்வொரு சங்கமும் இந்த மூன்றுக்கும் பதிலைத் தோட்டக் கமிட்டியைக் கூட்டி, பிரட்டுக் களத்திலே, கொழுந்து எடுக்கும் பெண்களின் முன்னே வாசிக்கட்டும். மந்திரி காரியாலயத்திலே வாசிக்க வேண்டாம்.